சுவரில் ஓர் ஆணி

ஒரு சுவர், அதில் அறையப்பட்ட ஓர் ஆணி. ஆளில்லை, முகமில்லை, நிகழ்வும் இல்லை. இத்தகைய நிழற்படம் ஒன்று செய்தி ஆசிரியரின் மேசைக்கு வந்தால் அதற்கு என்ன நேரும் என்பது பத்திரிகைத் தொழிலில் இருந்த எவருக்கும் தெரியும். பிரசுரத்திற்கு உரியதன்று என்று ஒதுக்கப்படும். ஆயினும், 1973ஆம் ஆண்டில் பெரு நாட்டின் தலைநகரான லிமாவில் ஒரு சிறுவன் எடுத்த இந்தப் படத்தை, நிழற்படத்தின் வரலாற்றில் அக்கறை உள்ளோர் தவறவிடலாகாது என்பது என் எண்ணம். அப்படம் எவ்வாறு பிறந்தது என்பதைச் சொல்வதற்கு முன், சாதாரண மனிதன் கைக்குக் கமரா வந்த கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

கமரா வந்தது, வாழ்க்கை வரவில்லை

1839இல் பிரான்சில் டாகேரின் முறை உலகுக்கு அறிவிக்கப்பட்ட காலத்தில் நிழற்படம் வசதி படைத்தோரின் ஆடம்பரமாகவே இருந்தது. 1888இல் ஜோர்ஜ் ஈஸ்ட்மன் அறிமுகப்படுத்திய கொடக் கமராவின் விலை 25 டொலர். நூறு படங்கள் எடுத்து முடிந்ததும் கமராவையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிட வேண்டும். படங்களும், புதிய சுருள் இடப்பட்ட கமராவும் திரும்பி வரும். 1900இல் ஒரு டொலருக்கு பிரவுணி கமரா சந்தைக்கு வந்தது. சிறுவரும் வாங்கக்கூடிய விலை அது.

கருவி எளிதானதும் மக்கள் தம் வாழ்வை முழுமையாகப் படம்பிடித்துக் கொள்வர் என்றே எவரும் எதிர்பார்ப்பர். அவ்வாறு நிகழவில்லை. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் அவருடைய துணைவர்களும் 1965இல் வெளியிட்ட ஆய்வு நூல், சாதாரண மக்களின் கமரா பெரும்பாலும் குடும்பச் சடங்குகளையே சுற்றி வருவதை எடுத்துக்காட்டியது. திருமணம், ஞானஸ்நானம், விடுமுறை ஆகியவற்றில் குடும்பம் தன் ஒற்றுமையைத் தானே உறுதிப்படுத்திக் கொள்ளும் கருவியாகக் கமரா இருந்தது.

இதை அறிய நமக்குப் பிரெஞ்சு ஆய்வு தேவையில்லை. நம்மவர் வீட்டு அல்பங்களைப் புரட்டினால் போதும். சாமத்திய வீடு, கலியாண வீடு, முதற் பிறந்தநாள், ஸ்ரூடியோவின் திரைச்சீலைக்கு முன் விறைத்து நிற்கும் தம்பதியர். அடுப்படியில் புகைக்கு நடுவே அமர்ந்திருந்த அம்மா அந்தப் பக்கங்களில் இல்லை. துலாக் கிணறு இல்லை, கடன் கேட்க நடந்த ஒழுங்கையும் இல்லை. எது படத்திற்கு உரியது, எது உரியதன்று என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே நாம் அனைவரும் அறிந்திருந்தோம். அந்த எல்லையைத் தாண்டி மனிதன் தன் அன்றாடத்தையும் மனத்தையும் படமாக்க வேண்டுமானால், யாரேனும் அவனிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருந்தது.

லிமாவில் கேட்கப்பட்ட கேள்விகள்

1968 ஒக்ரோபரில் ஜெனரல் உவான் வெலாஸ்கோ அல்வராடோ பெருவின் ஆட்சியைக் கைப்பற்றினார். இலத்தீன் அமெரிக்காவின் ஏனைய இராணுவ ஆட்சிகளைப் போலன்றி இது இடதுசாரிச் சாயல் கொண்டது. காணிச் சீர்திருத்தம் செய்தது. கெச்சுவா மொழிக்கு 1975இல் உத்தியோகபூர்வ நிலை வழங்கியது. இந்த ஆட்சி 1973இல் தொடங்கிய எழுத்தறிவுத் திட்டமே அல்ஃபின். நான்கு ஆண்டுகளில் எழுத்தறிவின்மையை ஒழிப்பது அதன் இலக்கு. கற்பவரின் வாழ்விலிருந்தே சொற்களை எடுத்துக் கற்பிக்க வேண்டும் என்ற பிரேசில் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரேயின் சிந்தனையே அதன் அடித்தளம்.

அத்திட்டத்தில் ஒரு புதுமை இருந்தது. தாய்மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் மட்டுமன்றி, நாடகம், நிழற்படம், பாவைக்கூத்து, திரைப்படம், பத்திரிகை ஆகியவற்றையும் மொழிகளாகவே கொண்டு அவற்றிலும் மக்களுக்கு எழுத்தறிவு ஊட்ட வேண்டும் என்றனர். நாடகப் பகுதியில் பணியாற்றியவர் அகுஸ்தோ போவால். பிரேசிலின் இராணுவ ஆட்சி 1971இல் அவரைக் கைதுசெய்து சித்திரவதை செய்தது; அதன்பின் நாடு கடந்து வாழ்ந்தவர். 1974இல் வெளிவந்த 'ஒடுக்கப்பட்டோர் அரங்கு' என்ற அவருடைய நூலே நான் கீழே சொல்லப்போகும் செய்திகளுக்கு ஆதாரம்.

போவாலின் வாதம் எளிமையானது. நாடகத்தின் உற்பத்திச் சாதனம் மனித உடல்; அது எல்லோரிடமும் உண்டு. நிழற்படத்தின் உற்பத்திச் சாதனம் கமரா; அது ஏழையிடம் இல்லை. ஆகவே முதலில் கமராவை அவன் கையில் கொடுக்க வேண்டும். அவ்வாறே கொடுத்தனர். பயன்படுத்தும் முறையைக் காட்டினர். பின்பு ஸ்பானிய மொழியில் கேள்விகள் கேட்டு, விடையை நிழற்படமாகக் கொண்டுவருமாறு வேண்டினர். கந்தோர் மொழியில் தடுமாறும் மனிதனுக்கு இது பெரும் விடுதலை என்பதை, சிங்களத்தில் நிரப்ப வேண்டிய படிவத்தோடு அரச அலுவலக வாங்கில் காத்திருந்த நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஒரு கேள்வி: நீ எங்கே வாழ்கிறாய்?

முகவரியை எதிர்பார்க்கும் சாதாரணக் கேள்வி. ஒருவர் ரிமாக் ஆற்றங்கரையைப் படமெடுத்து வந்தார். வெள்ளம் பெருகும்போதெல்லாம் உயிர்களைக் கொண்டுபோகும் ஆறு அது. இன்னொருவர் கொண்டுவந்த படத்தில் ஒரு குழந்தையின் முகம், அதில் இரத்தம். ஆற்றங்கரைக் குடிசைகளில் எலித் தொல்லை அதிகம். குழந்தைகளை எலிகளிடமிருந்து காப்பவை நாய்கள். சொறிநோய் என்று காரணம் சொல்லி நகரசபையின் நாய்பிடிகாரர் அந்தக் குழந்தையின் நாயைக் கொண்டுபோயினர். தாய் தந்தையர் வேலைக்குப் போயிருந்த வேளையில் தூங்கிய குழந்தையின் மூக்கை எலிகள் கடித்துவிட்டன. இத்தகையவை இன்னும் நடக்கும் இடத்திலேயே நான் வாழ்கிறேன் என்பதுதான் அப்படம் தந்த விடை. வீட்டிலக்கமும் தெருப்பெயரும் சொல்லாத ஒன்றை அது சொல்லிற்று.

இன்னொரு கேள்வி: சுரண்டல் என்றால் என்ன?

கடைக்காரர், வாடகை வாங்க வரும் வீட்டுக்காரர், அரச அலுவலகம் எனப் பலரும் பலவற்றைப் படமெடுத்தனர். அவை எதிர்பார்க்கத்தக்கவை. ஒரு சிறுவன் மட்டும் சுவரில் அறைந்த ஆணியின் படத்தைக் கொண்டுவந்தான். பெரியவர்களுக்கு விளங்கவில்லை. கூடியிருந்த சிறுவர் அனைவரும் அதுவே சரியான விடை என்றனர்.

விளக்கம் பின்னர் வந்தது. அச்சேரிச் சிறுவர்கள் ஐந்தாறு வயதிலேயே சப்பாத்துத் துடைக்கப் போவார்கள். அவர்களுடைய குடியிருப்பில் துடைப்பதற்குச் சப்பாத்து அணிந்தவர் இல்லை. ஆகவே லிமாவின் மையப்பகுதிக்குப் போகவேண்டும். தூரிகையும் மையும் கொண்ட பெட்டியை நாள்தோறும் சுமந்துபோய் வருவது இயலாது. எனவே நகரிலுள்ள கடைச்சுவர் ஒன்றில் ஆணியை வாடகைக்கு எடுத்துப் பெட்டியை அதில் மாட்டிவிட்டு வருவார்கள். கடைக்காரர் ஓர் இரவுக்கு இரண்டு அல்லது மூன்று சோல் அறவிடுவார். பெட்டியில் அன்றைய உழைப்பு; ஆணியில் அதன் ஒரு பங்கு.

இதனைப் படித்தபோது என்னை நிறுத்தியது வறுமையின் கொடுமை மட்டுமன்று. பத்திரிகையாளர் ஒருவர் அதே நகரில் அதே சிறுவரைப் பற்றிக் கட்டுரை எழுதச் சென்றிருந்தால் எதைப் படமெடுத்திருப்பார்? குனிந்து சப்பாத்துத் துடைக்கும் சிறுவனின் முகத்தை, அவனுடைய கறைபடிந்த விரல்களை. அந்த ஆணியை அவர் கண்டிருக்கமாட்டார். வெளியாள் காண்பது துன்பத்தின் தோற்றம்; உள்ளிருப்பவன் அறிவது அதன் பொறிமுறை. படக்கலை தெரியாத சிறுவனுக்கு அப்பொறிமுறை எங்கே தொங்குகிறது என்பது தெரிந்திருந்தது.

ஆனால் இந்த வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சுரண்டல் எதுவென்று சேரிச் சிறுவரிடம் கேட்ட அதே ஆட்சி, 1974 ஜூலையில் லிமாவின் பெரும் நாளேடுகளைக் கையகப்படுத்தியது. அவை 1980இல்தான் உரிமையாளர்களிடம் மீண்டன. 1975 ஓகஸ்ட் 29இல் வெலாஸ்கோவும் பதவி கவிழ்க்கப்பட்டார். நான்கு ஆண்டில் எழுத்தறிவின்மையை ஒழிக்கும் இலக்கும் எட்டப்படவில்லை. கேள்வி கேட்கும் உரிமையைத் தன்னிடம் மட்டும் வைத்துக்கொள்ள விரும்பும் அரசு, விடைகளை நெடுநாள் தாங்குவதில்லை.

கென்ரக்கியும் யுனானும்

அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் லெச்சர் என்ற மாவட்டம் உண்டு. நிலக்கரிச் சுரங்கங்களும் வறுமையும் சேர்ந்த மலைப்பிரதேசம். 1960களில் வறுமை ஒழிப்புப் பிரசாரத்தின் பின்னே கமராக்கள் அங்கு படையெடுத்தன. தம்மை ஏழ்மையின் காட்சிப்பொருளாக்குகிறார்கள் என்ற மனக்கசப்பு மக்களிடம் வளர்ந்தது. 1967 செப்ரெம்பரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வாடகை வீட்டைப் படம்பிடித்துக்கொண்டிருந்த கனடியத் திரைப்படத் தயாரிப்பாளர் ஹியூ ஓ'கோனர், அந்த வீட்டின் உரிமையாளரால் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அதே மாவட்டத்திற்கு 1975இல் வென்டி இவால்ட் என்ற இளம் நிழற்படக் கலைஞர் வந்தார். அவர் தாம் படமெடுப்பதோடு நிற்காமல், பாடசாலைப் பிள்ளைகளிடம் சிறிய கமராக்களைச் சேர்ப்பித்தார். இருட்டறையில் படம் கழுவவும் கற்பித்தார். அவர் கொடுத்த தலைப்புகள் சில: உன்னை எடு, உன் குடும்பத்தை எடு, உன் விலங்குகளை எடு, உன் கனவுகளை எடு. கடைசித் தலைப்பே வியப்புக்குரியது. கனவை எவ்வாறு படமெடுப்பது? பிள்ளைகள் தயங்கவில்லை. தன் நெருங்கிய நண்பனைத் தானே கொன்றதாகக் கனவு கண்ட சிறுவன், அந்த நண்பனையே மரக்கிளையின் கவட்டில் சாய்த்துப் படுக்கவைத்துப் படமெடுத்தான். ஒரு பிள்ளை தன் அச்சத்தை இவ்வளவு நேராக வேறெந்த மொழியில் சொல்லியிருக்கும்? இப்படங்கள் 1985இல் நூலாயின.

1992இல் சீனாவின் யுனான் மாகாணத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்ற இருவர், போர்ட் மன்றத்தின் ஆதரவுடன் 62 கிராமியப் பெண்களுக்குக் கமரா கொடுத்தனர். பலர் எழுத்தறியாதவர்கள். அவர்கள் எடுத்தவை வயல் வேலை, சமையல், வரப்போரத்தில் கவனிப்பாரின்றி விடப்பட்ட குழந்தைகள். படங்களைச் சுற்றி அமர்ந்து அவர்கள் பேசினர். இங்கே என்ன காண்கிறோம், உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது, ஏன் இப்படி இருக்கிறது, நாம் என்ன செய்யலாம் என்ற ஐந்து கேள்விகள் பின்னர் இம்முறையின் இலக்கணமாயின. அதிகாரிகளும் அப்படங்களைக் கண்டனர். குழந்தை பராமரிப்பு நிலையம், மருத்துவிச்சிகளுக்கான பயிற்சி, பெண்பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் ஆகியவை தொடர்ந்தன.

இம்முறையைப் புனிதப்படுத்தவும் கூடாது. கொல்கத்தாவின் சோனாகாச்சியில் பாலியல் தொழிலாளரின் பிள்ளைகளுக்குக் கமரா பயிற்றிய முயற்சி பற்றிய விவரணப்படம் 2005இல் ஒஸ்கார் விருது பெற்றது. பாராட்டோடு கண்டனமும் வந்தது. பிள்ளைகளின் படங்கள் இறுதியில் மீட்பரின் கதையைச் சொல்லவே பயன்பட்டன என்றனர் விமர்சகர்கள். படம் யாருக்குச் சொந்தம், அதில் இருப்பவரின் சம்மதம் எங்கே என்ற வினாக்கள் கமராவோடு கூடவே கையளிக்கப்பட வேண்டியவை.

நம்மவர் கையில் உள்ள படம்

கேள்வியும் நிழற்படமும் சந்திக்கும் இன்னொரு இடம் நம் கண்முன்னே உண்டு. 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தை ஆரம்பித்தனர். அந்தத் தாய்மாரின் கைகளில் உள்ள படங்களை உற்று நோக்கியவர் ஒன்றைக் கவனித்திருப்பர். பல படங்கள் தேசிய அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்டவை, அவற்றைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். சில, கலியாண வீட்டுக் கூட்டப்படத்திலிருந்து வெட்டியெடுத்த முகங்கள். இடம்பெயர்வுகளில் அல்பங்கள் அழிந்தபின் எஞ்சியவை அவையே.

அடையாள அட்டைப் படம் என்பது என்ன? நீ யார் என்று அரசு கேட்டதற்குப் பிள்ளை கொடுத்த விடை. சோதனைச் சாவடிகளில் ஆயிரம் தடவை நீட்டிய விடை. அதே படத்தைத் தாய் இன்று அரசை நோக்கித் திருப்பிப் பிடித்திருக்கிறாள். இவன் எங்கே என்று அது கேட்கிறது. லிமாவில் கேள்வி சொல்லாகவும் விடை படமாகவும் இருந்தன. இங்கே படமே கேள்வியாகி, சொல்லால் ஒரு விடைக்காகக் காத்திருக்கிறது. காத்திருந்த பெற்றோர் பலர் விடையின்றியே இறந்துவிட்டனர்.

அந்தப் பிள்ளைகளின் அன்றாடத்தைக் காட்டும் படங்கள் பெரும்பாலான வீடுகளில் இல்லை. சைக்கிளில் சாய்ந்து நின்றது, சாப்பாட்டுக் கோப்பையோடு திண்ணையில் இருந்தது, தங்கையோடு சண்டை பிடித்தது எல்லாம் தாயின் நினைவில் மட்டுமே உள்ளன. அப்போது யாரும் அவற்றைப் படமாக்கும் தகுதி உடையவையாக நினைக்கவில்லை.

இன்று கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. படங்களுக்குப் பஞ்சமில்லை, அவற்றில் பெரும்பாலானவை பழைய ஸ்ரூடியோவின் திரைச்சீலையையே வேறு வடிவில் விரிக்கின்றன. நம் ஆசிரியர்கள் ஒரு சிறு முயற்சி செய்யலாம். பாடசாலையில், மாணவர் தம் முகத்தையோ பிறர் முகத்தையோ காட்டாமல், ஒரு பொருளை மட்டும் படமெடுத்து விடை தருமாறு சில கேள்விகளைக் கொடுக்கலாம். உன் வீட்டில் மிகப் பாரமான பொருள் எது? யாருடைய இடம் வெறுமையாக இருக்கிறது? எதற்கு நீங்கள் வாடகை கொடுக்கிறீர்கள்? மலையகத்தின் லயக் காம்பிராவில் வளரும் பிள்ளையிடம், நீ எங்கே வாழ்கிறாய் என்று கேட்டுப் பாருங்கள். முல்லைத்தீவில் மீள்குடியேறிய வீட்டுப் பிள்ளையிடமும் அதையே கேளுங்கள். வரும் படங்களை அழகுக்காகத் திருத்தாமல், அவற்றைச் சுற்றி அமர்ந்து அந்தப் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதே முக்கியம். லிமாவின் ஆணியும் சிறுவர் வாய்திறந்து விளக்கிய பின்னரே பெரியவர்களுக்குத் தெரிந்தது.