கைபேசி வழி நலவாழ்வு ஆய்வு (வடசென்னை)

கைபேசி எண்களையே மாதிரிச் சட்டகமாகக் கொண்டு, ஒரு பகுதி மக்களின் நோய், புகை-மதுப் பழக்கம், சிகிச்சைச் செலவு முதலியவற்றைக் கேட்டறியும் முறை. செலவு குறைவு, விரைவு அதிகம். புளியந்தோப்பு, இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் அடங்கிய வடசென்னையில் இந்த மாதிரி, வீடு வீடாக எடுக்கும் மாதிரிக்கு ஈடாகாது.

முன்வரலாறு: தொலைபேசி உள்ளவரைக் கொண்டு இல்லாதவரையும் அளக்கும் முயற்சி 1936-இல் பெயர்போன தோல்வி கண்டது. அமெரிக்காவின் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ இதழ், தொலைபேசிப் பட்டியல், கார் பதிவேடு போன்றவற்றிலிருந்து முகவரி திரட்டி ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பியது. இருபது லட்சத்துக்கும் மேல் பதில் வந்தும், அதிபர் தேர்தலில் லாண்டன் வெல்வார் என்ற அதன் கணிப்பு பொய்த்தது. ரூஸ்வெல்ட் இரண்டு மாநிலங்கள் தவிர அனைத்திலும் வென்றார். அந்நாட்டில் வீட்டுக்கு வீடு தொலைபேசி வந்த பிறகே, எண்களைக் குலுக்கல் முறையில் அழைக்கும் வழக்கம் 1970-களில் நிலைபெற்றது.

சென்னைக்கு 1880-களிலேயே தொலைபேசி வந்துவிட்டது. ஆனால் அது ஜார்ஜ் டவுன் வணிகருக்கும் அலுவலகங்களுக்கும் உரியதாக இருந்தது. பின்னி ஆலைத் தொழிலாளர் வாழ்ந்த புளியந்தோப்புக்கு ஒரு நூற்றாண்டு எட்டவில்லை. பின்னர் வந்ததும் ‘பி.பி. நம்பர்’ உருவில்தான்: எண் மளிகைக் கடைக்காரருடையது, ஆள் பின்தெருவில். 1995-இல் ஆர்.பி.ஜி. செல்லுலார், ஸ்கைசெல் நிறுவனங்கள் சென்னையில் கைபேசிச் சேவை தொடங்கியபோது, வரும் அழைப்புக்கும் கட்டணம் இருந்தது. 2003 மே மாதம் அது நீங்கும்வரை, ஆய்வாளரின் கேள்விக்குப் பதில் சொல்பவரே காசும் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்.

சட்டகச் சிக்கல்: தரைவழித் தொலைபேசி எண்ணின் முதல் இலக்கங்கள் இணைப்பகத்தைக் காட்டிவிடும். கைபேசி எண் தெருவைக் காட்டாது. சென்னைத் தொலைத்தொடர்பு வட்டம் 2005-இல் தமிழ்நாட்டு வட்டத்தோடு இணைந்ததாலும், 2015 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமலே வட்டம் மாறலாம் என்பதாலும், புளியந்தோப்புக்கென எண் வரிசை கிடையாது. எண்ணூரில் வேலை செய்யும் ஒடிசா, பீகார்த் தொழிலாளர் பலர் ஊர் எண்ணையே வைத்திருப்பதால் தமிழ்நாட்டு வரிசையில் அகப்படமாட்டார்கள்.

குடும்ப அட்டை, காப்பீட்டுத் திட்டப் பட்டியல்களிலிருந்து எண்களை எடுத்தால் தெரு தெரியும், ஆள் மாறிப்போவார். அட்டையில் பதிவது பெரும்பாலும் ஒரே எண், ‘ஓ.டி.பி.’ வரவேண்டுமே என்று மகனுடையதைக் கொடுத்திருப்பார்கள். தாயின் சர்க்கரை நோயைப் பற்றித் துறைமுக வேலையில் இருக்கும் மகனிடம் கேட்டு என்ன பயன்? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் இந்தியாவில் 54 விழுக்காட்டினரே. தமிழ்நாட்டில் ஏறத்தாழ முக்கால் பங்கினர். 2018-இன் இறுதியில் குறைந்தபட்ச ரீசார்ஜ் கட்டாயமான பின், பணமுடை மாதங்களில் வரும் அழைப்பும் நின்றுவிடும். நோய்வாய்ப்பட்டு வேலை இழந்த வீடு மாதிரியிலிருந்து நழுவுவது அப்போதுதான். மறுபுறம், இரண்டு சிம் வைத்திருப்பவர் இருமுறை தேர்வாக வாய்ப்புண்டு.

எடையிடல்: வயது, பால், கல்வி விகிதங்களை மக்கள்தொகைக் கணக்கோடு பொருத்திப் பதில்களுக்கு எடை கூட்டுவதோ குறைப்பதோ வழக்கம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் உடல்நலத் தொலைபேசி ஆய்வு, 2011 முதல் கைபேசிகளையும் சேர்த்துப் புதிய எடை முறைக்கு மாறியது. இரட்டைச் சிம் பிழையை எடை சரிசெய்யும். சட்டகத்திலேயே இல்லாதவரை அது கொண்டுவராது. கைபேசி இல்லாத மூதாட்டிக்குப் பதிலாகக் கைபேசி வைத்திருக்கும் மூதாட்டியின் எடையைக் கூட்டினால், ரீசார்ஜ் செய்துதர ஆள் உள்ள வீட்டின் உடல்நலமே இருமடங்காகப் பதிவாகும்.

ஒப்பீடு: சென்னையில் 2020 ஜூலை மாதம் நடந்த கொரோனா எதிர்ப்புப் புரத ஆய்வு, வட்டாரம் வாரியாக 12,405 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. நகர அளவில் 21.5 விழுக்காட்டினருக்கும், வடசென்னையின் தண்டையார்பேட்டை மண்டலத்தில் 44.2 விழுக்காட்டினருக்கும் தொற்று வந்து போயிருந்தது. தெரு தெரியாத எண் மாதிரி இந்த இடைவெளியைக் காட்டியிராது.

தற்போது: அதே ஆண்டின் ஊரடங்கில் பல நிறுவனங்கள் தொலைபேசி வழிக்கு மாறின. ஆனால் தேசியக் குடும்பநல ஆய்வு இன்றும் வீட்டுக்குச் சென்றே கேட்கிறது.