டொரிங்டன் சதுக்கத்துக் குரல்கள்

1952இல் இந்தியாவின் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கருக்குத் திரைப்பாட்டு பிடிக்காது. சாஸ்திரீய சங்கீதம்தான் நாட்டின் காதைப் பண்படுத்தும் என்று உறுதியாக நம்பியவர் அவர். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாடல்களுக்கான நேரம் வெட்டப்பட்டது. மிஞ்சிய பாடல்களுக்கும் படத்தின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் விளம்பரமாகிவிடும் என்றார்கள். படத் தயாரிப்பாளர்கள் கோபித்துக்கொண்டு ஒலிபரப்பும் உரிமையையே திரும்பப் பெற்றார்கள். சில மாதங்களுக்குள் இந்திய வானொலியிலிருந்து திரையிசை கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. நேயர்கள் சண்டை போடவில்லை, மனு எழுதவில்லை. வானொலிப் பெட்டியின் முள்ளைத் திருப்பினார்கள். அது போய் நின்ற இடம் கொழும்பு.

அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது ஒரு போர்க்கால மிச்சம். இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டன் தலைமையில் இயங்கிய தென்கிழக்கு ஆசியப் படைத்தலைமை, தன் வீரர்களுக்குச் செய்தியும் பாட்டும் கொண்டு சேர்க்க இலங்கையில் 'ரேடியோ சியாக்' என்ற நிலையத்தை நடத்தியது. அதற்காகக் கொழும்புக்கு வடக்கே ஏகலவில் 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்து படைகள் ஊர் திரும்பியபின், 1949இல் அந்த நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. ஆசியா முழுக்கச் சிதறிக் கிடந்த படை முகாம்களை எட்டுவதற்கென்று அமைத்த கருவிக்குப் பாக்கு நீரிணை ஒரு தூரமே இல்லை.

இலங்கைக்கு ஒலிபரப்பு அப்போது புதிதும் அல்ல. கொழும்புத் தந்தி அலுவலகத்தின் தலைமைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1923இலேயே ஒரு சிறு அறையிலிருந்து இசைத்தட்டுகளை ஒலிபரப்பிச் சோதனை செய்தார். 1925 டிசம்பர் 16இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. சென்னை அதற்கு ஓராண்டு முந்தியது. சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் உருவான வானொலிக் கழகம் 1924 ஜூலையில் ஒலிபரப்பைத் தொடங்கி, 1927இல் பணமில்லாமல் மூடிக்கொண்டது. வானொலி நடத்தப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அப்போது பதில் இருக்கவில்லை.

பதிலைக் கண்டது கொழும்புதான். 1950 செப்டம்பர் 30இல் இலங்கை வானொலி தன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிளிஃபர்ட் டாட் அதை வழிநடத்தினார். பற்பசைக் கம்பெனியும் சோப்புக் கம்பெனியும் காசு கொடுத்து நேரம் வாங்கலாம். காசு கொடுப்பவனுக்கு, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று தெரிந்தாக வேண்டும். தெரிவதற்கு இருந்த ஒரே வழி நேயர் கடிதம். கடிதம் வரவேண்டுமென்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே பேசுகிறவர் மனத்தில் தங்க வேண்டும். அதுவரை நேரத்தையும் அடுத்த நிகழ்ச்சியையும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டவர் அறிவிப்பாளர். அந்த வேலைக்குச் சந்தையில் ஒரு விலை உண்டானது இங்கேதான்.

இந்தியில் இதை முதலில் நிரூபித்தவர் அமீன் சயானி. பம்பாயில் ஒலிநாடாவில் பதிவு செய்து கொழும்புக்கு அனுப்பிய 'பினாகா கீத்மாலா' 1952 டிசம்பர் 3இல் தொடங்கியது. சயானிக்கு வாரச் சம்பளம் 25 ரூபாய். எழுதுவது, தயாரிப்பது, கடிதங்களைப் பிரித்துப் பார்ப்பது எல்லாம் அவர் தலையில். சில ஆண்டுகளில் அவருடைய விளிப்புக்காகவே வடஇந்தியா புதன்கிழமை இரவுகளில் காத்திருந்தது. டில்லி இறங்கிவர 1957 அக்டோபர் ஆயிற்று. அப்போதுதான் அகில இந்திய வானொலியின் திரையிசைச் சேவையான விவித பாரதி பிறந்தது.

தமிழில் நடந்தது இதிலிருந்து ஒரு விதத்தில் வேறானது. அந்த வேறுபாடுதான் பெரிய விளைச்சலைத் தந்தது என்று சொல்ல வேண்டும். கீத்மாலா ஒலிநாடாவில் வந்தது. தமிழ் அறிவிப்பாளர்களோ கொழும்பிலேயே வாழ்ந்து, டொரிங்டன் சதுக்கத்து நிலையத்தில் உட்கார்ந்து, இசைத்தட்டைச் சுழலவிட்டபடியே பேசினார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றார்கள். அங்கே ஒரு பரம்பரை உருவாயிற்று.

அதன் மூத்தவர் எஸ்.பி. மயில்வாகனன். வர்த்தக சேவையின் முதல் தமிழ் அறிவிப்பாளர் அவர். ஐம்பதுகளில் தமிழ்நாட்டின் தேநீர்க் கடைகளில் அவர் பெயர் நடிகர்களின் பெயரைப் போலப் புழங்கியது. முகம் தெரியாத ஒருவர், வேறொரு நாட்டின் அரசு ஊழியர், பாடாதவர், நடிக்காதவர். பாட்டுக்கு முன்னால் நாலு வாக்கியம் பேசியதற்காகவே இங்கே விசிறிகளைச் சேர்த்தார். தமிழில் அதற்கு முன் பேச்சால் புகழ்பெற்றவர்கள் கதாகாலட்சேபக்காரர்களும் மேடை அரசியல்வாதிகளும்தான். அவர்கள் ஆயிரம் பேரை நோக்கிக் குரலை உயர்த்தியவர்கள். மயில்வாகனன் ஒரு வீட்டுக்குள் இருக்கும் நாலு பேரிடம் பேசினார். ஒலிவாங்கிக்கு முன் குரலை எங்கே தாழ்த்துவது, எங்கே மூச்சு விடுவது, எந்த இடத்தில் நிறுத்தினால் கேட்பவர் காதைத் தீட்டிக்கொள்வார் என்பதெல்லாம் மேடைப்பேச்சு சொல்லித்தராத பாடங்கள்.

இந்தக் கலையை எழுத்தில் வகுத்துச் சொல்லவும் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தவரான சோ. சிவபாதசுந்தரம் இலங்கை வானொலியில் பணியாற்றி, பிறகு லண்டன் சென்று பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பில் இருந்தவர். 'தமிழோசை' என்ற பெயரை அதற்குச் சூட்டியவரும் அவரே. 'ஒலிபரப்புக் கலை' என்று அவர் எழுதிய நூல் இந்தத் தொழிலைப் பற்றித் தமிழில் வந்த முன்னோடி நூல்களில் ஒன்று. பயண நூல்களுக்காக அவரை நினைவில் வைத்திருக்கும் அளவுக்கு இதற்காக நாம் வைத்திருக்கவில்லை என்பது வருத்தம்.

ஆனால் உண்மையான பள்ளிக்கூடம் வானொலி நாடகம். சானா என்று எல்லோரும் அழைத்த சண்முகநாதன் நாடகப் பகுதியைக் கவனித்த காலத்தில் 'லண்டன் கந்தையா'வுக்காக வீடுகள் காத்துக் கிடந்தன. இலங்கையர்கோனின் 'விதானையார் வீட்டில்' தொடர் கிராமத்துப் பேச்சை அப்படியே ஒலிபெருக்கிக்குக் கொண்டுவந்தது. எழுபதுகளில் சில்லையூர் செல்வராசனின் 'தணியாத தாகம்' கேட்டவர்களை அழவைத்தது. வானொலி நாடகத்தில் முகபாவம் உதவாது, உடையும் ஒளியும் உதவாது. கோபம், பொய், வெட்கம், முதுமை, பசி எல்லாவற்றையும் குரல் ஒன்றே சுமக்க வேண்டும். இந்தச் சூளையில் வெந்து வந்தவர்கள்தான் பிறகு அறிவிப்பாளர் இருக்கையில் அமர்ந்தபோது பளிச்சிட்டார்கள். ராஜேஸ்வரி சண்முகம் இளம் வயதிலேயே நாடகக் கலைஞராக நுழைந்து, பின்னர் அறிவிப்பாளராகி, 'வானொலிக் குயில்' என்ற பட்டத்தோடு வாழ்ந்தவர். பி.எச். அப்துல் ஹமீத் சிறுவர் நிகழ்ச்சியில் பேசிய பையனாக உள்ளே வந்து, நாடகம் நடித்து, அதன்பிறகே அறிவிப்பாளரானார்.

எஸ். ராமதாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' தொடரைத் தனியே சொல்ல வேண்டும். அதில் நாலு பாத்திரங்கள். ஒவ்வொருவர் பேச்சும் ஒரு வகை. இந்துவான ராமதாஸ், மரிக்கார் என்ற முஸ்லிமாகப் பேசினார். முஸ்லிமான அப்துல் ஹமீத், ஐயராகப் பேசினார். ராஜகோபால் அப்புக்குட்டி என்ற யாழ்ப்பாணத்தவர். செல்வசேகரன், தமிழைச் சிங்கள ஓசையில் பேசும் உபாலி. அடுத்தவர் சமூகத்தின் பேச்சைக் கேலி செய்யாமல், அதன் ஓசையை நேசித்துப் பிடித்தார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற படமாகவும் வந்தது. மரிக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரத்தின் பெயர் அவர்கள் பெயருக்கு முன்னால் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. ஏழே ஆண்டுகளில், 1983 ஜூலையில், அந்தத் தீவில் என்ன நடந்தது என்பதை நினைத்தால் அந்தப் பெயர்களைச் சும்மா கடந்துபோக முடியாது.

இத்தனை வட்டார வழக்குகளையும் நாக்கில் வைத்திருந்தவர்கள் அறிவிப்பு செய்யும்போது மட்டும் அவற்றில் எதையும் பேசவில்லை. யாழ்ப்பாணத்துத் தமிழும் இல்லை, சென்னைத் தமிழும் இல்லை. நூல் நடையும் இல்லை. ழகரமும் ளகரமும் சுத்தமாக ஒலிக்கும், வாக்கியம் சிறியதாக இருக்கும், உறவுக்காரர் ஒருவர் மரியாதையாகப் பேசுவதுபோல இருக்கும். திருநெல்வேலியில் கேட்டவரும் வவுனியாவில் கேட்டவரும் மலையகத் தோட்டத்து லயத்தில் கேட்டவரும் அதைத் தங்களுடையது என்று எடுத்துக்கொண்டார்கள். இந்தத் தொழிலின் மூலதனம் என்று ஒன்று உண்டானால் அது இந்தப் பொதுத்தமிழ்தான். இன்றைக்குத் தமிழ் மேடைத் தொகுப்பாளர்கள் பேசும் நடையில் நல்லதாக இருப்பதில் பாதி அங்கிருந்து வந்தது.

அந்த நடைக்குள்ளேயே தனக்கென்று ஒரு வேகத்தைக் கண்டவர் கே.எஸ். ராஜா. முழுப்பெயர் கனகரத்தினம் ஸ்ரீஸ்கந்தராஜா. 'திரைவிருந்து' நிகழ்ச்சியில் அவர் ஒரு கேள்வி கேட்பார். சட்டென்று ஒரு படத்து வசனம் அதற்குப் பதிலாக வந்து விழும். அடுத்த கேள்விக்கு இன்னொரு படம். அத்தனை வேகத்திலும் ஓர் எழுத்துக்கூடச் சிதையாது. கணினி இல்லாத காலத்தில் இதற்கு எவ்வளவு தயாரிப்பு வேண்டும் என்பது ஒலிப்பதிவு அறைக்குள் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: எந்தத் துண்டு எங்கே தொடங்குகிறது என்பதை நொடிக் கணக்கில் மனத்தில் வைத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அவர் பேச்சை நகலெடுத்துப் பழகிய கல்லூரி மாணவர்கள் ஏராளம்.

புகழ் இப்படி இருந்தாலும் கலைஞர்களுக்கு வருமானம் அதற்கு ஈடாக இருந்ததில்லை. பலருக்கு வானொலி இரண்டாவது வேலைதான். கே.எஸ். பாலச்சந்திரன் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வேலை பார்த்தபடியே வானொலியில் நடித்தார். தனியார் பேருந்து நடத்துநர் ஒருவரை மேடையில் நிறுத்திய அவருடைய 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பு ஊர் ஊராகப் போனது, ஒலிநாடாவாகவும் பரவியது. வானொலியில் பெயர், மேடையில் அதை நேரில் காட்டுவது, பிறகு சினிமாவில் ஒரு வேடம் என்று ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டுதான் இந்த வாழ்க்கைகள் நடந்தன.

1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. 1972இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்று பெயர் பெற்றது. எண்பதுகளில் தொலைக்காட்சியும் ஒலிநாடாவும் வந்தபோது சிற்றலையின் கவர்ச்சி குறைந்தது. அது எங்கும் நடந்ததுதான். எங்கும் நடக்காதது 1983 ஜூலை. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதற்குப் பிறகு அந்தக் குரல்கள் ஒரே கூரையின் கீழ் இருக்க வழியில்லாமல் போயிற்று. கே.எஸ். ராஜா 1994இல் கொழும்பில் கொல்லப்பட்டார்.

மற்றவர்கள் போன இடத்திலெல்லாம் தொழிலையும் கொண்டுபோனார்கள். விமல் சொக்கநாதன் லண்டனில் தமிழோசையில் ஒலித்தார். பாலச்சந்திரன் கனடாவில் நாடகம் போட்டார், நாவல் எழுதினார். நடராஜசிவம் கொழும்பிலேயே இருந்து, தனியார் பண்பலை வந்தபோது சூரியன் எஃப்.எம்.மை வழிநடத்தி அடுத்த தலைமுறை அறிவிப்பாளர்களை உருவாக்கினார். ராஜேஸ்வரி சண்முகம் 2012இல் மறையும்வரை கொழும்பின் குரலாகவே அறியப்பட்டார். அப்துல் ஹமீத் இலங்கை வானொலியில் நடத்திய 'பாட்டுக்குப் பாட்டு' என்ற பாடல் போட்டி சென்னைக்கு வந்து சன் தொலைக்காட்சியில் வீடுதோறும் நுழைந்தது. போட்டியாளர் தடுமாறும்போது அவசரப்படுத்தாமல், கேலி செய்யாமல், கடைசி எழுத்தைத் தெளிவாக உச்சரித்துக் கொடுத்துவிட்டு அவர் காத்திருக்கும் விதத்தில் கொழும்பு நாடக மேசையின் பயிற்சி தெரிந்தது. 'தெனாலி' படத்தில் பேட்டி காணும் அறிவிப்பாளராக அவர் அவராகவே தோன்றியபோது, தமிழ்நாட்டு ரசிகர்கள் பலர் முகத்துக்கு முன்பே குரலை அடையாளம் கண்டுகொண்டார்கள்.