வயோதிகக் குரலும் டெலிவிஷனும்

இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி சங்கீத விழா 1970-ல் ஆரம்பமாயிற்று. டெலிவிஷனில் வந்ததோ 1994-ல்தான். மைதானத்தில் தூர நிற்பவனுக்குப் பாடகரின் முகச் சுருக்கம் தெரியாது. பாதியை அவன் ஞாபகமே பாடிவிடும். காமிராவுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது.

2022-ல், 80 வயது நிரம்பிய ஏழாம் நாள், பீட்டில்ஸ் கோஷ்டியின் பால் மெக்கார்ட்னி அங்கே பாடினார். குரல் மெலிந்துவிட்டது, ஓய்வெடுக்கலாமே என்றார்கள் சிலர். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. பிறகு, 1980-ல் சுட்டுக் கொல்லப்பட்ட கூட்டாளி ஜான் லென்னன் திரையில் தோன்றினார். 1969 ஜனவரியில் லண்டனில் ஒரு மொட்டைமாடியில் பாடிய 28 வயதுக் குரல். அதற்கு மட்டும் மூப்பில்லை. கிழவர் கூட்டத்துக்கு முதுகைத் திருப்பிக்கொண்டு, திரையில் சிநேகிதரைப் பார்த்தபடி கூடச் சேர்ந்து பாடினார். அதையும் எனக்குக் காட்டியது அந்தக் காமிராதான். சுருதி எப்படியிருந்தது என்று நான் கவனிக்கவில்லை.