தில்லி – சான் பிரான்சிஸ்கோ: நீண்ட வழியும் குறைந்த நேரமும்

உலக உருண்டையின் மேல் தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது ஏறத்தாழ 12,400 கிலோமீட்டர் தொலைவைக் காட்டும். 2015 டிசம்பரில் ஏர் இந்தியா இவ்விரு நகரங்களுக்கிடையே தொடங்கிய இடைநில்லா விமானமோ, மேற்கே சென்று அட்லாண்டிக்கைக் கடந்து, சுமார் 13,900 கிலோமீட்டர் பறந்தது. 2016 அக்டோபரில் அதே விமானம் கிழக்கே திரும்பியது. பசிபிக்கின் மேல் ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர் பறந்து, பதினான்கரை மணி நேரத்தில் சென்றடைந்தது. வழி 1,400 கிலோமீட்டர் நீண்டது. பயண நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால் கிடைத்த ஆதாயம் இது என்று அப்போது பலரும் விளக்கினர். அவ்விளக்கம் பொருந்தாது. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவருக்கு ரயிலின் வேகம் எதையும் கூட்டித் தருவதில்லை. உதவியது, சுமார் பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டம். அதன் திசையை வகுப்பதில் பூமியின் சுழற்சிக்குப் பங்குண்டு என்பது வேறு செய்தி.

இக்காற்றை முதலில் முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வாசாபுரோ ஓயிஷி. 1920களில் தாதேனோ ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு, மேலே வீசும் கடுங்காற்றைக் கணக்கிட்டார். தம் முடிவுகளை 1926இல் எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். உலகப் பொதுமொழியாகும் என்று சிலர் நம்பிய மொழி அது. அறிவியல் உலகம் அவ்வறிக்கையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. விலை பின்னர் தெரிந்தது. 1944 நவம்பரில் டோக்கியோவின் மேல் உயரப் பறந்த அமெரிக்க பி-29 விமானங்கள் எதிர்பாராத பெருங்காற்றில் சிக்கிக் குறிதவறின. அதே காற்றில் ஜப்பான் 9,000க்கும் மேற்பட்ட வெடிகுண்டுப் பலூன்களை அமெரிக்காவை நோக்கி மிதக்கவிட்டது. அவற்றுள் ஒன்று வெடித்ததில், 1945 மே மாதம் ஒரிகனில் கர்ப்பிணிப் பெண் ஒருவரும் ஐந்து சிறுவரும் மாண்டனர்.

பயணிகளுக்கு அது பயன்பட்டது 1952 நவம்பரில்தான். டோக்கியோவிலிருந்து ஹொனலூலுவுக்குச் சென்ற பான் அமெரிக்கன் விமானம், எரிபொருளுக்காக இடையில் இறங்காமல், 18 மணி நேரப் பயணத்தைப் பதினொன்றரை மணியில் முடித்தது. அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து ஏர் இந்தியா கைக்கொண்டதும் இதே உபாயம்தான். மேற்கு வழியில் எதிர்த்துத் தள்ளிய காற்று, கிழக்கு வழியில் பின்னின்று உந்தியது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நீண்ட வான்வழிகளின் பட்டியல்கள் பறந்த தொலைவைக் கணக்கில் கொள்வதில்லை. இரு நிலையங்களுக்கிடையிலான மிகக் குறுகிய தொலைவையே கொள்கின்றன. ஆகவே 2016இல் துபாய் – ஆக்லாந்து வழி 14,200 கிலோமீட்டருடன் முன்வரிசையில் நின்றது. அதைவிட ஆயிரம் கிலோமீட்டர் கூடுதலாகப் பறந்த தில்லி விமானம் அப்பட்டியலில் 12,400 என்றே பதிவாகியிருந்தது.