துயரத்தின் முன் எழுதுகோல்
(கடலூர்க் கரையும் செய்தி மரபும்)

வடக்கே தென்பெண்ணையும் தெற்கே கொள்ளிடமும் எல்லையாக அமைந்த நம் கடலூர், சிதம்பரம் நிலப்பகுதிக்குப் புயலும் வெள்ளமும் புதியன அல்ல. அவற்றை உலகுக்கு எடுத்துரைத்தோர் எவ்வாறு உரைத்தனர் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. நம் மன்றம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில், சொல்லைக் கையாளும் நாம் அவ்வரலாற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்பது தகும்.

1876-78ஆம் ஆண்டுகளில் சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திலிருந்து தொடங்கலாம். அப்போது ‘மதராஸ் டைம்ஸ்’ இதழின் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி, பஞ்ச நிவாரணக் குழுவின் செயலாளராகவும் பணியாற்றினார். அரசின் நிவாரணக் கொள்கையை ஆராய்ந்து 1878இல் இரு தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அதே பஞ்சத்தை வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்னும் படை அதிகாரி ஒளிப்படக் கருவியோடு அணுகினார். எலும்பும் தோலுமான மக்களைக் குழுக்குழுவாக அமர்த்திப் படமெடுத்தார். படமெடுத்த பின் உதவி ஏதும் செய்யாமல் அவர்களை அனுப்பிவிட்டார் என்ற பழி அவர்மீது எழுந்தது. அவரே 1886இல் பர்மாவில், சுட்டுக் கொல்லப்படும் தருணத்தில் கைதிகளைப் படம்பிடித்தமைக்காகக் கண்டனத்துக்கு உள்ளானார். ஒரே பஞ்சம், ஒருவர் அதன் காரணத்தைத் தேடினார், மற்றவர் அதன் காட்சியைத் தேடினார். பின்வந்த இதழியல் முழுவதும் இவ்விரு வழிகளுக்கிடையே ஊசலாடி வந்திருக்கிறது எனலாம்.

இதழாசிரியராகவும் கவிஞராகவும் விளங்கிய பாரதியார் புதுவையில் வாழ்ந்தபோது, 1916 நவம்பரில் இக்கரையைப் பெரும்புயல் தாக்கியது. ‘புயற்காற்று’ என்னும் பாட்டை அவர் கணவனும் மனைவியும் உரையாடுவதாக அமைத்தார். அச்சத்தை வீட்டினுள் நின்று கூறினார். ‘பிழைத்த தென்னந்தோப்பு’ என்னும் பாட்டில், அழிவினிடையே எஞ்சி நின்றதைக் கண்டு பாடினார். இரண்டிலும் பிறர் துயரம் வேடிக்கையாகவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. தேவனாம்பட்டினம், புதுப்பேட்டை, சாமியார்பேட்டை, கிள்ளையை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு ஆகிய ஊர்கள் சிதைந்தன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரண்டு நாள் கழித்துக் கடலூரில் ராய்ட்டர் நிறுவனத்தின் ஆர்க்கோ தத்தா எடுத்த ஒளிப்படம் அவ்வாண்டின் உலகச் சிறந்த பத்திரிகைப் படமாகத் தேர்வு பெற்றது. மணலில் வீழ்ந்து, இரு கைகளையும் விரித்துக் கதறும் ஒரு பெண். அருகே இறந்த உறவினரின் கை மட்டும் தெரிகிறது. இறந்தவரின் முகத்தைக் காட்டாத அந்த அடக்கமே படத்தின் பெருமை. ஆயினும் உலகம் அவரை ‘ஓர் இந்தியப் பெண்’ என்றே அறிந்தது. துயரம் புகழ் பெற்றது, துயருற்றவர் பெயரற்றவரானார். சிறந்த படத்துக்கே இக்குறை எனில், மூடப்படாத உடல்களைத் திரும்பத் திரும்பக் காட்டிய திரைகளைப் பற்றி என் சொல்வது? பெற்றவளின் முன் ஒலிவாங்கியை நீட்டி “எப்படி இருக்கிறது?” என்று கேட்பது செய்தி சேகரித்தல் ஆகாது.

காட்டுவதில் மட்டுமன்று, காணாமல் விடுவதிலும் கொடுமை உண்டு. பிச்சாவரம் பகுதியில் அலையாத்திக் காடுகளின் பின்னிருந்த ஊர்கள் குறைந்த சேதமே அடைந்தன என்று 2005இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பாரதியாரின் தென்னந்தோப்பைப் போல, பிழைத்ததையும் அது ஏன் பிழைத்தது என்பதையும் கூறும் செய்தி அது. அழுகுரலுக்குக் கிடைத்த இடத்தில் ஒரு சிறு பகுதியே அதற்குக் கிடைத்தது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுவைக்கும் இடையே கரை கடந்தபோது, பண்ருட்டி வட்டாரத்தின் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரம் ஒரு நாள் செய்தி. புதுக்கன்று காய்ப்பதற்குள் உழவன் காத்திருக்கும் ஆண்டுகள் எவருக்கும் செய்தியாகவில்லை. 2015 நவம்பரில் பண்ருட்டியை அடுத்த பெரியகாட்டுப்பாளையத்தில் திடீர் வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோயிற்று. டிசம்பர் தொடக்கத்தில் சென்னை மூழ்கியதும் கருவிகள் அனைத்தும் அங்கே திரும்பின. நம் ஊர்களில் நீர் வடியுமுன்பே செய்தி வடிந்துவிட்டது.

இவ்வீழ்ச்சிக்குச் செய்தியாளர்களை மட்டும் பழித்தல் நேர்மையன்று. நள்ளிரவிலும் இடுப்பளவு நீரில் நின்று, தம் வீடு என்னாயிற்று என்றறியாமலே செய்தி அனுப்பிய உள்ளூர் நிருபர்கள் உண்டு. இருபத்துநான்கு மணிநேர ஒளிபரப்பு பொறுமைக்கு இடந்தருவதில்லை; விளம்பரம் பார்வையாளர் எண்ணிக்கையைத் தொடர்கிறது. பார்ப்போர் நாமே. இந்தியப் பத்திரிகை மன்றம் 1966இல் முதன்முதலாக அமைக்கப்பட்டது. அது வகுத்த நெறிமுறைகளும் உள்ளன. ஆனால் கண்டிப்பதன்றித் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை; தொலைக்காட்சியும் அதன் வரம்புக்குள் வாராது.

ஆகவே நமக்கும் கடமை உண்டு. அடுத்த புயல் வரும். அதனை எழுதுவோரும் வருவர். கண்ணீரைக் கடன் வாங்கிக் கவிதை செய்யுமுன், அழுதவரிடம் இசைவு கேட்போம். அவர் விரும்பினால் பெயரோடு எழுதுவோம். விரும்பாவிடின் மௌனத்தை மதிப்போம். கருவிகள் திரும்பிச் சென்ற பின்னும் அவ்வூர்களுக்குச் சென்று, எஞ்சியதையும் இழந்ததையும் பதிவு செய்வோம். மன்றத்தின் அடுத்த பத்தாண்டுக்கு இதனினும் தக்க பணி வேறில்லை.