கொல்கத்தாவின் சாக்கடையும் மீன் குளங்களும்

கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேரில் விரிந்து கிடக்கும் சதுப்புநிலத்தை இயற்கையின் கொடை என்று சொன்னால், அதில் உழைத்தவர்களை மறைத்துவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய நிர்வாகம் நகரத்துச் சாக்கடையைக் கிழக்கே வித்யாதரி ஆற்றுப் பக்கம் திருப்பிவிட்டது. நாளடைவில் ஆறு தூர்ந்தது. உப்பங்கழிகளுக்குக் கடல்நீர் ஏறுவது நின்றது. உவர்நீர் மீனை நம்பியிருந்தவர்கள் 1930ஐ ஒட்டிச் சாக்கடை நீரையே குளத்தில் விட்டு மீன் வளர்க்கத் தொடங்கினார்கள். குளத்தை வடித்து, காயப்போட்டு, அடிமண்ணைக் கிளறிச் சுண்ணாம்பு இடுவார்கள். பிறகு கழிவுநீரை விட்டுச் சில வாரம் அப்படியே கிடக்கவிடுவார்கள். ஆழம் குறைவு என்பதால் வெயில் அடிவரை இறங்கும். பாசி பெருகி ஆக்சிஜனைத் தரும், பாக்டீரியா கழிவைச் சிதைக்கும், நோய்க்கிருமிகள் மடியும். தண்ணீரின் நிறத்தையும் வாடையையும் பார்த்தபின்தான் ரோகு, கட்லா குஞ்சுகளை விடுவார்கள். கரையோரத்து வெங்காயத்தாமரை அலை அரிப்பைத் தடுக்கும். நம் ஊரில் அதைக் களை என்று அள்ளிக் கொட்டுகிறோம்!

நகரத்தின் கழிவுநீர் எங்கேதான் போகிறது என்று 1980களில் தேடிப்போன அரசுப் பொறியாளர் துருபஜோதி கோஷ்தான் இந்த ஏற்பாட்டை உலகறியச் செய்தார். 2002இல் அந்தச் சதுப்புநிலம் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நிலையம் மின்சாரத்தைத் தின்று ஒரே ஒரு வேலையைச் செய்யும். இங்கே அதே தண்ணீர் மீனாகிறது, வெளியேறிய பின் வயலில் நெல்லாகிறது. மழைக்காலத்தில் பள்ளமான நிலம் நகரத்தின் வெள்ளத்தையும் வாங்கிக்கொள்கிறது. கழிவுநீரில் கலக்கும் தோல் பதனிடும் ஆலைகளின் குரோமியம் மீனில் சேராதா என்ற கேள்வி இதைவிடக் கனமானது. வெயிலும் பாசியும் உலோகத்தை அழிக்கா. அதை ஆலை வாசலிலேயே தடுத்தாக வேண்டும். ஆனால் அது ஆலைகளைக் கண்டிக்க வேண்டிய காரணம், குளங்களை மூட வேண்டிய காரணம் அல்ல.

இத்தனை பயன் இருந்தும் நிலம் சுருங்குவது ஏன்? மீன் ஒரு துறை, வடிகால் இன்னொரு துறை, வெள்ளம் வேறொரு துறை. மொத்தப் பயனையும் கூட்டிப் பார்க்க ஒரே கணக்குப் புத்தகம் கிடையாது. மனை விலையோ ஒரே வரியில் தெரிந்துவிடுகிறது. உப்பு ஏரி (சால்ட் லேக்) எனப்பட்ட சதுப்புப் பகுதியை நிரப்பி 1960களில் புதுநகரம் எழுந்தது அப்படித்தான். 2006இல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் கழிவுநீர்க் கால்வாய் தூர்ந்து குளத்துக்குத் தண்ணீர் வராமற்போனால், காய்ந்த குளத்தை வைத்துக்கொண்டு மீன்காரர் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்? மனை வியாபாரிக்கு அந்தத் தூரே போதும்.