கரும்பலகையிலிருந்து கடற்கரைக்கு

அறிவியல் அருங்காட்சியகம் என்றதும் கண்ணாடிப் பேழைகளும் ‘தொடாதீர்கள்’ என்னும் அறிவிப்பும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்த வழக்கம் மாறியதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆஸ்கர் ஃபான் மில்லரின் முயற்சியால் 1903இல் தோன்றிய மியூனிக் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களே கருவிகளை இயக்கிப் பார்த்தனர். 1969இல் இயற்பியலாளர் ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் சான் பிரான்சிஸ்கோவில் நிறுவிய எக்ஸ்ப்ளோரடோரியம், செய்து பார்த்து அறிவதையே தன் நெறியாகக் கொண்டது.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், 1940களின் தொடக்கத்தில், இராமேசுவரத்தில் நிகழ்ந்த ஒன்றையும் இவ்வரிசையில் வைக்கலாம். பறவை பறக்கும் விதத்தை ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். புரியவில்லை என்றான் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் அப்துல் கலாம். ஆசிரியர் சினக்கவில்லை, மாலையில் வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகளின் சிறகசைப்பையும் வால் திருப்பத்தையும் நேரில் காட்டினார். தம் வாழ்வின் திசையை அந்த மாலையே தீர்மானித்ததாகக் கலாம் பின்னாளில் பலமுறை சொன்னார்.

2015 ஜூலை 30 அன்று அவர் பேய்க்கரும்பில் அடக்கம் செய்யப்பட்டார். பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் வளர்ச்சி நிறுவனம் அங்கு எழுப்பிய தேசிய நினைவகம் 2017 ஜூலை 27 அன்று திறக்கப்பட்டது. ஏவுகணை, ராக்கெட் மாதிரிகளும் ஒளிப்படங்களும் அவர் எட்டிய உயரத்தைச் சொல்கின்றன. அவர் புறப்பட்ட இடமோ ‘புரியவில்லை’ என்ற ஒரு சொல். நினைவகத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லும் நாம், மாலையில் கடற்கரையிலும் அவர்களைச் சற்று நிறுத்துவோம்; அச்சொல்லை அவர்கள் தயக்கமின்றிச் சொல்ல இடம் கொடுப்போம்.